ரன்னிங்கில் ஒன்றரை மணி நேரம்

1. கயிறு கட்டி வந்த வண்டி

போன சித்திரை மாதக் கடைசித் திங்கட்கிழமை, காலை ஒன்பதரை மணி. ஏழு சீட் டீசல் வண்டி ஒன்றை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துவந்து என் கடை முன்னால் நிறுத்தினார்கள். பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 8.2 வோல்ட். அந்த அளவில் ஹாரன்கூட அடிக்காது.

இந்த எண்ணை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. ஆரணியில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக முப்பத்தாறு வருடம் வேலை செய்திருக்கிறேன். கடைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கிழமை, நேரம், வோல்ட், வந்தவர் தன் வாயால் சொன்ன தேவை ஆகிய நான்கையும் நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவேன், என் வார்த்தையில் மாற்ற மாட்டேன். இதற்காக என்னை 'நோட்டு மேஸ்திரி' என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. தங்கள் வண்டிக்கு எப்போது கார்பன் பிரஷ் மாற்றியது என்று தெரியாதபோது அவர்களும் என்னிடம்தான் வருவார்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்த ஒரு வேலையை எழுதுகிறேன். இதில் நோட்டில் எழுதியது சரியாக இருந்தது. எழுதியவன் புரிந்துகொண்டதுதான் தவறு.

வண்டிக்காரர் பெயர் தாண்டவராயன். எட்டு பவர்லூம் வைத்திருப்பவர். பட்டுத்தறி, சேலை தவிர வேறு எதைப் பற்றிப் பேசினாலும் அதைத் தறியாக மாற்றிக்கொண்டுதான் பேசுவார்.

"இன்னா முதலாளி, வண்டிய மாடு மாதிரி இழுத்துகினு வரீங்க?" என்றேன்.

"மாடா இருந்தா புல்லப் போட்டா நடக்கும் மேஸ்திரி. இது எதப் போட்டாலும் நடக்க மாட்டேங்குது. ஒரே பேஜாரு."

அவர் மனைவி கனகம்மாளுக்கு நுரையீரல் நோய். நாள் முழுக்க மூக்கில் குழாய் இருக்க வேண்டும். வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மிஷின் இருக்கிறது. வண்டியில் போகும்போது அதே மிஷினைப் பின்சீட்டில் வைத்து, இன்வெர்ட்டர் வழியாக வண்டி பேட்டரியிலிருந்து ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது மழை. ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கண்ணமங்கலம் தாண்டியதும் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. கூடவே இருந்த சின்ன சிலிண்டரை மாட்டி வீடு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

"டைனமோவ பெருசு பண்ணிக் குடுங்க மேஸ்திரி. தறிக்கு ஒரு எச்பி மோட்டார் பத்தலன்னா ஒன்றரை எச்பி போடறதில்ல? அத மாதிரி."

டைனமோ என்று அவர் சொன்னது ஆல்டர்நேட்டரை. இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். இன்ஜின் சுற்றும்போது பெல்ட் மூலம் சுற்றி, வண்டிக்குக் கரண்ட் தந்து, மிச்சத்தைப் பேட்டரிக்கு ஏற்றும் சாதனம்.

"மோட்டார் மாத்தறது மாதிரி இல்ல முதலாளி. ஒயரு, ஃபியூஸு, எர்த்து எல்லாம் மாத்தணும்."

"மாத்துங்க. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?"

2. கணக்கு

கம்பெனி போட்ட ஆல்டர்நேட்டர் 75 ஆம்பியர். மிஷினை என் கடை பிளக்கில் ஓட்டி அளந்தேன். 350 வாட்ஸ். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 33 ஆம்பியர் இழுக்கும். ஏசியின் ஊதும் ஃபேனும் முன்பக்க ஃபேனும் சேர்ந்து 25. இன்ஜின் தனக்கே 12 எடுத்துக்கொள்ளும். பகலில் மொத்தம் 70. மழையில் லைட்டும் வைப்பரும் சேர்ந்தால் 85. இன்ஜின் சூடேறிய பிறகு 75 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் 65 கொடுத்தாலே பெரிய விஷயம். குறைவதைப் பேட்டரி தன் கையிலிருந்து போட்டிருக்கிறது. தீர்ந்ததும் படுத்துவிட்டது. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பெரிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய 120 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் வேலூரில் கிடைத்தது. பிரித்து பேரிங், பிரஷ், ரெகுலேட்டர் மூன்றையும் புதிதாகப் போட்டேன். பிராக்கெட்டில் எட்டு மில்லிமீட்டர் இடைவெளி வந்தது. லேத்தில் புஷ் என்னும் இரும்பு வளையம் கடைந்து அடைத்தேன். ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயர் பழைய அளவுக்கு உரியது. அதிலேயே 120-ஐ அனுப்பினால் உருகும். விரல் தடிமன் கேபிள் போட்டு, நடுவில் 150 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் புது எர்த் பட்டை. டிரைவர் கண்ணுக்கு நேராக ஒரு வோல்ட் மீட்டர்.

இரண்டு பொருளை மாற்றவில்லை. பெல்ட் ஆறு மாதம்தான் ஆனது என்றார், பார்க்கவும் நன்றாக இருந்தது. பேட்டரி போன வருடம் வாங்கியது என்றார். ஒரு தடவை அடிவரை இறங்கிய பேட்டரி மறுபடி பழைய பேட்டரி ஆகாது என்று எனக்குத் தெரியும். சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் செய்தேன். சுமாராக நின்றது. 'சுமார்' என்றே நோட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

3. கனகம்மாள் சொன்ன தேவை

வேலை முடியும் தறுவாயில், வைகாசி முதல் வாரப் புதன்கிழமை, கனகம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். மெலிந்த உருவம். குரல் மட்டும் மெலியவில்லை. தறி ஓடும் வீட்டில் முப்பது வருடம் பேசிய குரல். தாண்டவராயன் மிஷினைத் தூக்கிவந்து என் பிளக்கில் மாட்டினார். கனகம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து என் கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்ளோ ஒயரு தொங்குது. எந்த ஒயரு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"எங்க வூட்ல எட்டுத் தறிக்கும் சேத்து இவருக்கு ஒரு சுச்சு தெரியும். மெயினு. எது நின்னாலும் அத அமத்திட்டு என்னக் கூப்புடுவாரு."

தாண்டவராயன் ஆமாம் என்று தலையாட்டினார்.

கனகம்மாள் வந்த விஷயம் இது. அவர்களுக்கு ஒரே மகள், களம்பூரில் கட்டிக்கொடுத்தது. இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. இது மூன்றாவது, ஏழாம் மாதம் நடக்கிறது. வைகாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டே காலுக்கு மேல் வளைகாப்பு. முதல் வளையல் அம்மா கையால் போட வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

"குழாய் இல்லாம எவ்ளோ நேரம்மா இருக்கலாம்?"

"கால் மணி நேரம்னு டாக்டர் சொல்றாரு. நான் பத்து நிமிசம்னு வச்சிருக்கேன். டாக்டரா மூச்சு வுடறாரு?"

"சரி. இப்ப இந்த வண்டில மிஷினுக்கு எவ்ளோ நேரம் கரண்ட் வேணும்?"

அவர் விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு சொன்னார்: "ரன்னிங்ல ஒன்றரை மணி நேரம் தாங்கணும்ணா."

நோட்டில் எழுதினேன்: 'ரன்னிங்கில் ஒன்றரை மணி நேரம்.'

ஆரணியிலிருந்து களம்பூர் அரை மணி நேர வழி. போக வர ஒரு மணி. ரயில்வே கேட்டுக்கும் நெல் லாரிக்கும் அரை மணி சேர்த்துச் சொல்கிறார், கணக்கான அம்மா என்று நினைத்துக்கொண்டேன்.

"ரன்னிங்ல ஒன்றரை இல்லம்மா, அஞ்சு மணி நேரம் தாங்கும்" என்றேன்.

தாண்டவராயன் இடையில் கேட்டார்: "அப்ப சிலிண்டர் வேணாமில்ல மேஸ்திரி? ஏழு தட்டு சீர் கீது. சிலிண்டர் வச்சா தட்டு வைக்க எடமில்ல."

இதற்கு நான் சொன்ன பதிலை நோட்டில் எழுதவில்லை. நினைவிலிருந்து தருகிறேன், ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"நான் பண்ண வண்டிக்கு சிலிண்டர் எதுக்கு?"

மறுநாள் வியாழக்கிழமை டெஸ்ட் ஓட்டம். சேத்துப்பட்டு வரை போய் வந்தோம். ஏசி, ஹெட்லைட், மிஷின் மூன்றும் போட்டாயிற்று. காற்று வருகிறதா என்று பார்க்கத் தாண்டவராயன் குழாயைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். ஓட்டியது நான். வோல்ட் மீட்டர் 14.1-ஐ விட்டு அசையவில்லை.

"நல்லாத்தான் கீது மேஸ்திரி" என்றார், குழாயோடு. "நான் வேற எதுக்கோ மூச்சு வுட்டுகினு இருந்தேன் போல இத்தினி நாளு."

வழியில் டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும்.

4. வெள்ளிக்கிழமை, பதினொன்று இருபது

வளைகாப்பு வெள்ளியன்று பதினொன்று இருபதுக்குத் தாண்டவராயன் போன் செய்தார். பின்னால் இன்வெர்ட்டர் கத்துவது எனக்கும் கேட்டது.

"மேஸ்திரி, மிஷின் கத்துது. உங்க மீட்டர்ல பதினொண்ணு புள்ளி நாலு காட்டுது."

"எங்க போய்கினு இருக்கீங்க?"

"எங்கயும் போல. களம்பூர்ல ரைஸ் மில்லு காம்பவுண்டு ஓரமா நின்னுகினு இருக்கோம்."

"எப்பத்திலருந்து?"

"பத்தரைக்கு வந்தோம்."

"பன்னண்டு மணிக்கு மேல ஃபங்ஷன். பத்தரைக்கே ஏன் போனீங்க?"

என் படிப்பறிவின் மேல் அவருக்கு இருந்த மரியாதை அந்தக் கேள்வியோடு குறைந்திருக்க வேண்டும்.

"வெள்ளிக்கெழம மேஸ்திரி. பத்தரையிலருந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பக்கூடாது. ஆகவே பத்தரைக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ராகு காலத்தில் சம்பந்தி வீட்டு வாசற்படியும் மிதிக்கக்கூடாது. ஆகவே பன்னிரண்டு வரை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டு எதிரில் நிற்கவும் முடியாது. பார்த்தால் அவர்கள் உள்ளே கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள், கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. அதனால் இரண்டு தெரு தள்ளி, அன்று வேலையில்லாத ஒரு மில்லின் மதிலோரம் ஒளிந்து நிற்கிறார்கள். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் கனகம்மாள் ஒன்றரை மணி நேரம் என்று சொன்னார். நின்ற இடத்தில் ஒன்றரை மணி நேரம்.

இன்ஜின் வேகமாகச் சுற்றும்போதுதான் 120 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் நூற்றுக்கு மேல் தரும். வண்டி நின்று இன்ஜின் மெதுவாகச் சுற்றுவதை நாங்கள் ஐட்லிங் என்போம். அந்த நிலையில், வைகாசி வெயிலில், அது 45 தந்தால் அதிகம். தேவை 70. மிச்சத்தை அந்த 'சுமார்' பேட்டரி போட்டுக்கொண்டிருந்தது.

"வண்டிய எடுத்து சும்மா ரெண்டு ரவுண்டு ஓட்டுங்க முதலாளி. ஓடினா சரியாய்டும்."

அவர் அதை மனைவியிடம் சொன்னார். கனகம்மாளின் குரல் தூரத்தில் கேட்டது. மூச்சுக்கு நடுவில் வந்தாலும் தெளிவாகவே இருந்தது.

"நின்ன வண்டி மறுபடி எடுத்தா... அது புதுசா கெளம்பறது. ராகு காலத்துல கெளம்ப மாட்டேன். ரெண்டு தபா தவறிடுச்சி. நான் இன்னிக்கி ஒண்ணும் தப்பா செய்ய மாட்டேன்."

அவரோடு வாதாட எனக்கு உரிமையில்லை.

"சரி, நின்ன எடத்துலயே ஆக்சிலேட்டர மிதிங்க. மெதுவா."

மிதித்தார். போனில் பெல்ட் கிறீச்சிட்டது. பெரிய ஆல்டர்நேட்டரை முழு லோடில் சுற்ற அந்தப் பெல்ட்டுக்குப் பிடிப்புப் போதவில்லை. வழுக்கும் பெல்ட் கரண்ட் தராது, அறுந்துபோனால் உள்ளதும் போகும். விடச் சொன்னேன். ஏசியை அணைக்கச் சொன்னேன். கண்ணாடியை இறக்க முடியாது, அந்த இடம் முழுக்க உமித் தூசி. வெயிலில் மூடிய வண்டி. வீட்டிலிருக்கும் சிலிண்டரை நான் எடுத்துவரலாம் என்றால் வீடு பூட்டியிருந்தது, சாவி தாண்டவராயன் சட்டைப்பையில்.

ஜம்பர் கேபிளை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். அந்த அரை மணி நேர வழியை இருபது நிமிடத்தில் கடந்தேன். எப்படி என்பதை எழுதுவதாக இல்லை.

5. மில் மதிலோரம்

பதினொன்று நாற்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கத்தல் நின்றிருந்தது. நல்லதுக்கு அல்ல. நான்கு நிமிடம் முன்னால் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிட்டது. இன்ஜின் மட்டும் நடுங்கிக்கொண்டு ஓடியது. கனகம்மாள் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டியிருந்த சின்ன மீட்டர் 84 காட்டியது. அது எனக்குப் பழக்கமில்லாத மீட்டர். ஆனால் நான் பார்க்கப் பார்க்க 83 ஆயிற்று. எண் இறங்குவது எந்த மீட்டரிலும் எனக்குப் புரியும்.

"கூட்டிகினு போய்டலாம் மேஸ்திரி, ராகு காலமாவது ஒண்ணாவது" என்றார் தாண்டவராயன். கண் கலங்கியிருந்தது. கனகம்மாள் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் தூக்கி 'கூடாது' என்று காட்டினார்.

எங்களுக்குப் பின்னால் நெல் ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. களம்பூரில் எங்கே நின்றாலும் நமக்குப் பின்னால் ஒரு நெல் லாரி இருக்கும். கேபினில் கால் நீட்டித் தூங்கிய டிரைவரைத் தட்டி எழுப்பினேன். சேத்துப்பட்டுப் பக்கத்து ஆள், பெயர் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது.

"டிரைவர், உன் பேட்டரில ஒண்ண இருவது நிமிசம் குடுப்பா. ஜல்தி."

"இன்னாத்துக்கு?"

"முன்னாடி வண்டில ஒரு அம்மா மூச்சு வுடணும்."

அவர் எழுந்து உட்கார்ந்து வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பேட்டரிலயா மூச்சு வுடறாங்க?"

"ஆமா."

"அப்பறம் என் வண்டி ஸ்டார்ட் ஆவுமா?"

"ஆவலன்னா நான் தள்றேன்."

"லோடு கீதுண்ணா. இருவது டன்னு."

"ஆள் கூட்டிகினு வந்து தள்றேன். எறங்குப்பா."

இறங்கினார். நான் சொல்லாமலே மறுபடி ஏறி, லாரியை ஸ்டார்ட் செய்து முன்னால் நகர்த்தி, வண்டியின் பக்கவாட்டில் கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்தி அணைத்தார். நல்ல டிரைவர்.

புதியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். லாரிக்கு 24 வோல்ட். இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் காரின் கம்ப்யூட்டர் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். எர்த் பக்கம் இருக்கும் பேட்டரி எது என்று கையால் தொட்டு, ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்து, மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகே மாட்ட வேண்டும். அவசரம் என்பதற்காக மீட்டர் வைப்பதை விடக்கூடாது. அன்று அதற்கு எனக்கு நாற்பது நொடி ஆனது. அந்த நாற்பது நொடியும் தாண்டவராயன் என் காதருகில் நின்று "மாட்டுங்க, மாட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டரில் 12.6 பார்த்த பிறகு மாட்டினேன்.

இன்வெர்ட்டரை அணைத்து மறுபடி போட்டேன். மிஷின் ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. வண்டியின் வோல்ட் மீட்டர் 12.3. ஏசியையும் போட்டேன். விரல் மீட்டர் கொஞ்ச நேரம் 82-லேயே நின்றது. பிறகு 85. பிறகு 89. பதினொன்று ஐம்பதுக்கு 92.

நான் வண்டிக் கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கனகம்மாள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"ஒன்றரை மணி நேரம்னு சொன்னேனேண்ணா."

"ரன்னிங்லன்னு சொன்னீங்கம்மா."

"ஆமா. ரன்னிங்லதான கீது? இன்ஜின் ஓடுதே."

"ரன்னிங்னா எங்களுக்கு வண்டி ரோட்ல ஓடறதும்மா. வண்டி நிக்குதே."

அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, கண் தெரியாதவனுக்கு வழி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்:

"எங்க வூட்ல எட்டுத் தறியும் காலைலருந்து ரன்னிங்ல கீது. அதெல்லாம் இன்னா, சேத்துப்பட்டுக்கா போய்கினு கீது?"

ஏழுமலை சிரித்துவிட்டார். தாண்டவராயனும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் நோட்டை எடுத்துவரவில்லை. எடுத்துவந்திருந்தாலும் அப்போது எழுதியிருக்க மாட்டேன்.

தன் போனில் பன்னிரண்டு மணி ஆனதும் தாண்டவராயன் கியரில் கை வைத்தார்.

"இருங்க" என்றார் கனகம்மாள். "உங்க போனு பாஸ்ட்டு. அண்ணன் வாட்ச்ச கேளுங்க."

என் வாட்ச்சில் பதினொன்று ஐம்பத்தெட்டு. இரண்டு நிமிடம் காத்திருந்தோம். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் சொன்னதால், இன்னும் இரண்டு நிமிடம்.

கேபிளைக் கழற்றினேன். வண்டி இரண்டு தெரு ஓடிச் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றது. பைக்கில் பின்னால் போய், மிஷினை நான்தான் உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். சம்பந்தியம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்து, "ஏன் சம்பந்தி இவ்ளோ லேட்டு? டிராபிக்கா?" என்றார். "ஆமாங்க, ஒரே லாரி" என்றார் கனகம்மாள். பொய் என்றும் சொல்ல முடியாது.

மகளுக்கு முதல் வளையலை அவர்தான் போட்டார். பச்சைக் கண்ணாடி வளையல். மிஷின் சத்தத்தில் ஐயர் மந்திரம் சரியாகக் கேட்கவில்லை. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. திரும்பி லாரிக்குப் போனபோது அது ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. தள்ள வேண்டியிருக்கவில்லை.

6. செய்திருக்க வேண்டிய வேலை

அடுத்த திங்கட்கிழமை வண்டியை மறுபடி வாங்கினேன். ஆல்டர்நேட்டரில் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லியைக் கழற்றி, அதைவிடச் சிறியது ஒன்று போட்டேன். புல்லி சிறியதானால், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதும் ஆல்டர்நேட்டர் வேகமாகச் சுற்றும். அதன் மேல்வேகம் எல்லை தாண்டாதா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாண்டவில்லை. புது பெல்ட், புது டென்ஷனர், புது பேட்டரி. ஏசியும் மிஷினும் போட்ட நிலையில், சூடேறிய இன்ஜினில், ஐட்லிங்கில், ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்தேன். 45 தந்த இடத்தில் 71 தந்தது. சிலிண்டருக்குப் பின்சீட்டின் பக்கத்தில் இரும்புக் கிளாம்ப் அடித்து நிரந்தர இடம் கொடுத்தேன். சீர்த்தட்டுக்கு அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

இதிலிருந்து நான் கற்றது பெரிய மின்சாரப் பாடம் எதுவும் இல்லை. ஐட்லிங்கில் ஆல்டர்நேட்டர் குறைவாகத் தரும் என்பது முதல் வருடமே எனக்குத் தெரியும். பெட்டியில் அச்சிட்ட ஆம்பியர் வேகமாகச் சுற்றும்போது வருவது, நின்ற இடத்தில் வருவதைத் தனியாக அளக்க வேண்டும் என்பதும் தெரியும். கற்றது வேறு. வாடிக்கையாளர் சொன்னதை அப்படியே எழுதினால் போதும் என்று முப்பத்தாறு வருடம் நினைத்திருந்தேன். போதாது. வண்டி எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், ஏன் நிற்கும் என்று கேட்க வேண்டும். ராகு காலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்புவதா வேண்டாமா என்பது என் வேலையும் இல்லை. அது 25 ஆம்பியர் பற்றாக்குறையில் ஒன்றரை மணி நேரம் என்று கணக்கிடுவது என் வேலை. அதை நான் செய்யவில்லை.

வைகாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, கடை எதிரில் வேப்பமர நிழலில் ஒன்றரை மணி நேர டெஸ்ட் வைத்தேன். மிஷினைச் சும்மா ஓட விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். கனகம்மாள் வந்துவிட்டார்.

"நீங்க எதுக்கும்மா? மிஷின் மட்டும் போதும்."

"லோடு நாந்தானண்ணா? நான் இல்லாம இன்னா டெஸ்ட்டு?"

வண்டியில் ஏறி உட்கார்ந்து குழாயை மாட்டிக்கொண்டார். சிலிண்டர் கிளாம்ப்பில் இருந்தது. ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினைப் போட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வோல்ட் எழுதினேன். 13.9, 13.8, 13.8, 13.7. நாற்பதாவது நிமிடத்துக்குப் பிறகு அது இறங்கவில்லை. அதே நேரம்தான் அவர் தூங்கிப்போனதும். தாண்டவராயன் நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்ல ராத்திரி இப்புடித் தூங்கறதில்ல மேஸ்திரி" என்றார் மெதுவாக.

பதினொன்றரைக்கு ஒன்றரை மணி நேரம் முடிந்தது. கடைசி அளவு 13.7. இன்ஜினை நிறுத்தினால் எழுந்துவிடுவார். அதனால் இன்னும் முக்கால் மணி நேரம் ஓட விட்டேன்.